வாய் மூடிய புற்று

செஞ்சிச் சீமையில் ‘புத்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று கும்பிடுவதற்கு, மற்றது அஞ்சுவதற்கு. செஞ்சியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கிறது மேல்மலையனூர். அங்காளபரமேசுவரி அங்கே புற்றாக வந்து குடியேறினாள் என்பது தலக்கதை. அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டம் புற்றை வணங்கிவிட்டு, அந்த மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு போகும். அதே பெண்கள் மருத்துவமனையில் கேட்டு நடுங்குவதும் அதே சொல்லைத்தான். ஏட்டில் ‘புற்று’ என்று நிற்கும் றகரம், பேச்சில் தகரமாகிவிடுகிறது. கோயில் புத்து, புத்துநோய். காதுக்கு இரண்டும் ஒன்றே.

அந்தச் சொல்லின் வழியே ஒரு நோயின் பெயர்களைத் தேடிப் போவதுதான் இக்கட்டுரை. கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்று, குணமடைந்து, பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்ட பெண்களில் மிகச் சிலருக்கு, பல ஆண்டுகள் கழித்துக் கருப்பையின் உள்ளே வேறொரு புற்று முளைக்கிறது. பழைய நோயின் மிச்சமாக இல்லாமல், தனியாகப் பிறக்கும் இரண்டாவது நோய் அது. அரிதானது, வந்தால் கடுமையானது. மருத்துவ ஏடுகள் அதற்குப் பல பெயர்களை வைத்திருக்கின்றன. தமிழில் அதற்கென்று வழங்கும் பெயர் ஒன்றும் இல்லை. பெயர் இல்லாத நோயை யாரும் எதிர்பார்ப்பதில்லை என்பதால் இந்தக் குறை என்னை உறுத்துகிறது.

புற்று: ஒரு திராவிடச் சொல்

தமிழில் புற்று, மலையாளத்தில் புற்று, தெலுங்கில் புட்ட, கன்னடத்தில் ஹுத்த. கறையான் எழுப்பும் மண்மேட்டுக்குத் தென்னாட்டு மொழிகள் பொதுவாக வைத்திருக்கும் பெயர் இது. சங்கப் பாடல்களில் கரடி தோண்டித் தின்ன வரும் இடம் புற்று. திருவாரூரில் இறைவனுக்கே புற்றிடங்கொண்டார் என்று பெயர், வடமொழியில் வன்மீகநாதர். புழை, புரை என்ற சொற்கள் பொருளில் இதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். உள்ளே துளைத்துக்கொண்டு போன புண்ணை இன்றும் ‘புரையோடிய புண்’ என்கிறோம்.

செஞ்சியில் மணிலாக்கொட்டை போடும் எந்தக் காட்டின் வரப்பிலும் புற்றைப் பார்க்கலாம். வெளியே தெரிவது மேடு மட்டும். வாய்கள் பல. ஒன்றை அடைத்தால் வேறு பக்கம் திறக்கும். கண்ணுக்குத் தெரியும் மண்ணைவிட உள்ளே ஓடும் வழிகள் பெரியவை. இதை நாள்தோறும் பார்த்துப் பழகியவர்கள் ஆறாத புண் ஒன்றைக் கண்டபோது, மேடு தட்டி, நடுவே குழிந்து, பல கண் வைத்து நீர் கசியும் அதற்குப் புற்று என்று பெயரிட்டதில் வியப்பு இல்லை. சித்த மருத்துவ மரபில் கன்னப்புற்று, யோனிப்புற்று என்று உறுப்பின் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். வடமொழியிலும் இதே பார்வை உண்டு. சுசுருத சம்ஹிதை ‘வல்மீகம்’ என்று ஒரு நோயைச் சொல்கிறது. கைகால், மூட்டு, கழுத்து ஆகிய இடங்களில் புற்றைப் போல மெல்ல வளர்ந்து பல வாய் திறக்கும் நோய் அது.

இந்தப் பழைய பெயர்களை இன்றைய கேன்சரோடு அப்படியே பொருத்திவிடக் கூடாது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் ஆறாத புண், கிருமிப் புண், புற்றுப் புண் எல்லாமே ஒரே பெயரின் கீழ் நின்றிருக்கும். யோனிப்புற்று என்ற பெயருக்குள் கருப்பை வாய்ப் புற்றும் இருந்திருக்கலாம், வேறு புண்களும் இருந்திருக்கலாம். ஆனால் பெயர் வைத்தவர் எதைக் கண்டார் என்பது மட்டும் சொல்லிலேயே பதிந்திருக்கிறது. அவர் கண்டது மேட்டை, வாயை, கசிவை.

நண்டு பிடித்தவர்களும் புற்று கண்டவர்களும்

கிரேக்கர்கள் வேறொன்றைக் கண்டார்கள். கிறித்துவுக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்த ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் இந்த நோய்க்கு ‘கார்க்கினோஸ்’ என்று பெயர். அதன் பொருள் நண்டு. ரோமானியர் அதையே லத்தீனில் ‘கேன்சர்’ ஆக்கினார்கள். மார்பகக் கட்டியைச் சுற்றிப் புடைத்த ரத்த நாளங்கள் நண்டின் கால்களைப் போல இருப்பதாகக் காலன் விளக்கம் சொன்னார். மராத்தியில் இன்றும் இந்நோய் கர்க்கரோகம். கர்க்கடம் என்றால் நண்டு. மலையாளமும் கன்னடமும் கட்டியைக் குறிக்கும் ‘அர்புதம்’ என்ற வடசொல்லை எடுத்துக்கொண்டன. தமிழ் மட்டும் தன் வரப்பில் நின்ற புற்றை எடுத்துக்கொண்டது.

பெயர் வைப்பவரின் இருப்பிடம் பெயரில் ஒட்டிக்கொள்ளும் என்பதற்குச் செஞ்சியே சாட்சி. ஊர்க்காரர்களுக்கு இது செஞ்சியம்மன் காவல் காக்கும் செஞ்சி. பீஜப்பூர்க்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது பாதுஷாபாத் என்றார்கள். 1677இல் சிவாஜியின் கைக்கு வந்தபின் மராட்டியர் வாயில் அது சந்தி. நெடிய முற்றுகைக்குப் பிறகு 1698இல் முகலாயர் பிடித்தார்கள். நுஸ்ரத்கட் என்று தங்கள் தளபதியின் பட்டத்தை அதற்குச் சூட்டினார்கள். ஐரோப்பியர் நாக்கில் ஜிஞ்ஜி ஆயிற்று. 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது, மராட்டியர் போர்க்கோட்டைகளின் வரிசையில் ஒன்றாக ஏறியது. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் இருந்த இடத்தில்தான் இருந்தன. வந்தவர்கள் தாங்கள் கண்டதைப் பெயராக்கினார்கள். குடியிருந்தவர்களுக்குப் பயன்பட்ட பெயர் மட்டும் நிலைத்தது. நோயின் பெயரையும் நான் இந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன். அது யாருக்குப் பயன்படுகிறது?

வாயும் கழுத்தும்

கருப்பை ஒரே உறுப்பு, பகுதி இரண்டு. மேலே பிள்ளை வளரும் இடம் கருப்பையின் உடல். கீழே குறுகி, யோனிக்குள் திறக்கும் இடம் கருப்பை வாய். லத்தீன்காரர்கள் அதை ‘செர்விக்ஸ்’, அதாவது கழுத்து என்றார்கள். அவர்கள் உருவத்தைப் பார்த்தார்கள். தமிழ் வாய் என்றது. பிள்ளைப்பேற்றின்போது மருத்துவச்சியின் விரல் உணர்வது திறக்கும் வாயைத்தான். பெயர் அவள் கையிலிருந்து வந்தது போலவே இருக்கிறது.

வாயில் வரும் புற்றும் உடலில் வரும் புற்றும் வேறு வேறு. வாயில் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். அதைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்ட் ஸுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாடே உலகுக்குச் சான்று கொடுத்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் கிராமப் பெண்களின் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனை நடந்தது. செவிலியர் ஒரே ஒருமுறை செய்த அந்தச் சோதனை, கருப்பை வாய்ப் புற்றால் நேரும் இறப்பை 35 விழுக்காடு குறைத்தது என்று 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. உடலில் வரும் புற்றுக்கு அந்த வைரஸோடு தொடர்பு இல்லை. அந்தச் சோதனையில் அது தெரியவும் தெரியாது.

இத்தனை வேறுபாட்டையும் தாங்கி நிற்பது நடுவிலுள்ள ‘வாய்’ என்ற ஒரே அசை. பேச்சில் முதலில் விழுவது அதுதான். ‘கருப்பை வாய்ப் புற்றுநோய்’ என்று சீட்டில் எழுதியிருப்பது வீட்டுக்கு வரும்போது ‘கர்ப்பப்பையில கேன்சர்’ ஆகிவிடுகிறது. உறவுக்காரர்களிடம் அதுவும் சுருங்கி, ‘அவங்களுக்கு கர்ப்பப்பைல கோளாறு, ஜிப்மர்ல பார்த்தாச்சு’ என்பதோடு முடிகிறது. வாயும் உடலும் ஒன்றாகிவிட்ட இந்தப் பேச்சில், ஒன்றில் வந்த நோய் தீர்ந்தால் இரண்டிலும் தீர்ந்ததாகவே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

‘கரண்ட் வைத்த’ கருப்பை

கருப்பை வாய்ப் புற்றைத் தொடக்கத்திலேயே கண்டால் அறுவை செய்து கருப்பையை எடுத்துவிடுவார்கள். நம் ஊர்களில் பலர் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். அவர்களுக்குக் கதிர்ச்சிகிச்சையே வழி. மக்கள் அதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். வெளியிலிருந்து ஐந்து வாரம், 25 சிட்டிங் அளவில் கதிர் பாய்ச்சி, பிறகு கருப்பை வாய் வழியாகக் கருவியை வைத்து உள்ளிருந்தே கதிர் கொடுப்பார்கள். 1999 முதல் வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் மருந்தும் சேர்ந்தது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கு 1950களிலேயே கோபால்ட் கதிர்க் கருவி வந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எத்தனையோ தாய்மார்கள் இந்தச் சிகிச்சையால் பிழைத்து வீடு திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் உயிரைக் காத்தது கதிர். பின்னால் சொல்லப்போவது எதுவும் அந்த உண்மையைக் குறைப்பதில்லை.

ஆனால் கதிர் பெற்ற பெண்ணின் கருப்பை எடுக்கப்படுவதில்லை. அது உள்ளேயே இருக்கிறது. மாதவிலக்கு நின்றுவிடுகிறது, உள்சவ்வு பெரும்பாலும் வற்றிப்போகிறது. சிலருக்கு அதன் சுரப்பிகள் சில பிழைத்துக் கிடக்கும். கதிர் பட்ட உயிரணு ஒன்றின் மரபுப்பொருளில் நேர்ந்த முறிவு சரியாக ஒட்டாமல் தங்கியிருக்கலாம். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு, அதற்கும் மேல் கழிந்த பிறகு அது புற்றாக மாறக்கூடும். ஜான் பாய்ஸ் தலைமையில் பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்து, கருப்பை வாய்ப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 1,50,000 பெண்களை ஆராய்ந்த முடிவு 1988இல் வெளிவந்தது. கதிர் பட்ட சிறுநீர்ப்பையிலும் மலக்குடலிலும் பின்னாளில் புற்று வருவது கூடுவதை அது காட்டியது. கருப்பை உடலில் அந்தக் கூடுதல் சிறியதாகவே தெரிந்தது. ஆகவே இதை எண்ணி யாரும் கதிர்ச்சிகிச்சைக்கு அஞ்ச வேண்டியதில்லை. அரிதாக வருவது என்றாலும், வரும்போது தீவிர வகையாக வருவது அதிகம் என்பதால்தான் அதை அறிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் ‘வாய்’ என்ற சொல் தன் முழுப் பொருளையும் காட்டுகிறது. சாதாரணமாகக் கருப்பை உடலில் புற்று வந்தால் அது சீக்கிரமே தன்னை அறிவித்துவிடும். தீட்டு நின்ற பெண்ணுக்கு மறுபடி உதிரம் படும். அவள் பயந்து ஓடிவருவாள். கதிர் பட்ட கருப்பை வாயோ தழும்பேறிச் சுருங்கி, சிலருக்கு முழுதாகவே அடைபட்டுவிடுகிறது. உள்ளே கசியும் உதிரத்துக்கு வெளியே வர வழி இல்லை. கருப்பைக்குள்ளேயே தேங்குகிறது, சில நேரம் சீழ் கட்டுகிறது. அடிவயிறு கனக்கும், வலிக்கும், வீங்கும். உதிரம் மட்டும் தெரியாது. சதை எடுத்துச் சோதிக்கக் கருவியை நுழைக்கவும் அந்த வாய் எளிதில் இடம் தராது. மேட்டுக்கு மேலே வாயை மூடிவிட்டால் புற்றுக்குள் எதுவும் இல்லை என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பது வரப்பில் வேலை செய்யும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். தன் உடம்பிலும் அப்படியே என்பதை அவளுக்கு யாரேனும் சொல்ல வேண்டும்.

இரண்டு சதையின் பெயர்

இப்படிப் பின்னாளில் வரும் கருப்பைப் புற்றுகளில் மருத்துவ ஏடுகள் அடிக்கடி பேசும் ஒன்றுக்குக் ‘கார்சினோசார்கோமா’ என்று பெயர். கார்சினோமா என்பதில் கிரேக்க நண்டு இருக்கிறது. உறுப்பின் உறையிலும் சவ்விலும் பிறக்கும் புற்றை அது குறிக்கும். ‘சார்க்ஸ்’ என்றால் கிரேக்கத்தில் சதை. தசை, எலும்பு, இணைப்புத் திசு போன்றவற்றில் பிறக்கும் புற்று சார்கோமா. ஒரே கட்டியில் இரண்டின் உருவமும் நுண்ணோக்கியில் தெரிந்ததால் இரண்டு பெயரையும் ஒட்டிவிட்டார்கள்.

இதற்கு முன்பு வழங்கிய பெயர் ‘முல்லேரியன் கலப்புக் கட்டி’. அதில் இருப்பவர் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் யோஹன்னஸ் முல்லர். கருவில் இருக்கும் பெண்குழந்தையின் இரண்டு குழாய்கள் வளர்ந்து இணைந்துதான் கருக்குழாய், கருப்பை, கருப்பை வாய் எல்லாம் உருவாகின்றன. 1830இல் முல்லர் அவற்றை விவரித்ததால் அவை முல்லர் குழாய்கள் ஆயின. சவ்வும் சதையும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, ஆகவே இந்தக் கட்டி அந்த மூலத்தின் நினைவிலிருந்து இரண்டாகப் பிரிந்து வளர்கிறது என்று கருதினார்கள். பிற்கால மரபணு ஆய்வுகள் அந்தக் கணக்கை மாற்றின. பெரும்பாலான கட்டிகளில் சார்கோமாவாகத் தெரியும் பகுதியும் கார்சினோமாவிலிருந்தே உருமாறியது, வேர் ஒன்றுதான். இன்று இதைத் தீவிரமான கருப்பை உள்சவ்வுப் புற்றாகவே கருதிச் சிகிச்சை அளிக்கிறார்கள்.

ஹிப்போகிரட்டீஸ் மரபினர் வெறுங்கண்ணால் கண்டதும், முல்லர் கருவில் கண்டதும், நுண்ணோக்கிக்காரர்கள் கண்ணாடித் தகட்டில் கண்டதும் இப்படி ஒரே பெயர் வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவருக்கு அவை தேவை. எந்த மருந்து, எவ்வளவு அறுவை என்பதை அவையே முடிவு செய்கின்றன. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து வாசலில் நெல் தூற்றும் ஒரு பெண்ணுக்கு, தன் அடிவயிற்றுக் கனத்தை எப்போது யாரிடம் சொல்வது என்பதை அவற்றில் ஒன்றும் சொல்வதில்லை.

‘திரும்பி வந்துடுச்சு’

அவளிடம் இருக்கும் ஒரே சொல் ‘திரும்பி வந்துடுச்சு’. பழைய நோய் மீண்டாலும் அதுதான். புதிய நோய் பிறந்தாலும் அதுதான். மருத்துவத்தில் இவை இரண்டு கதைகள். கருப்பை வாய்ப் புற்று மீள்வதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மீளும். பத்து ஆண்டு நலமாக இருந்தபின் வருவது புதியதாக இருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். திசுவை எடுத்துப் பார்த்தால் பழையதில் ஹெச்.பி.வி.யின் தடயம் இருக்கும். புதியதில் பெரும்பாலும் அது இருக்காது, வேறு மரபுக் கோளாறுகள் இருக்கும். பழையது என்று எண்ணிக் கைவிடப்படும் ஒருத்திக்கு, புதியது என்று தெரிந்தால் அறுவை செய்ய வழி இருக்கக்கூடும். ‘திரும்பி வந்தது’ என்ற சொல்லில் ஏற்கெனவே ஒரு தோல்வி ஒலிக்கிறது. ‘எல்லாம் பார்த்தாச்சு, இனி என்ன பார்க்க’ என்று வீட்டார் சொல்லிவிடுவது அந்த ஒலியைக் கேட்டுத்தான்.

நம்மிடம் நல்ல சொற்கள் இல்லாமல் இல்லை. மிகுந்த உதிரப்போக்கைச் சித்த மருத்துவம் ‘பெரும்பாடு’ என்கிறது. பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் வருந்திய பெண்ணைத் தமிழ் விவிலியமும் அச்சொல்லாலேயே குறிக்கிறது. நோயும் அதைத் தாங்கியவளின் பாடும் ஒரே சொல்லில் அடங்கிய பெயர் அது. பெண்ணின் பக்கமிருந்து பெயரிடத் தெரிந்த மொழி நம்முடையது. அந்த வழியில் மூன்று சொற்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவரலாம் என்பது என் வேண்டுகோள்.

முதலாவது, ‘கருப்பை வாய்ப் புற்று’ என்பதில் வாயை விடாமல் சொல்வது. வீட்டில் சொல்லும்போதும், இதழ்களில் எழுதும்போதும் அது விழக் கூடாது. இரண்டாவது, மேலே வரும் நோயைக் ‘கருப்பை உடற்புற்று’ என்று தனியே பிரித்துச் சொல்வது. மூன்றாவது, இத்தனை நேரம் நாம் பார்த்த நோய்க்குக் ‘கதிருக்குப் பிந்திய கருப்பைப் புற்று’ என்று பெயரிடுவது. எந்த உறுப்பில், எதற்குப் பிறகு என்ற இரண்டு செய்தியும் அந்தப் பெயரில் இருக்கின்றன. கேட்டவள் தன் கதையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பெயரோடு சேர்ந்து நடக்க வேண்டியவையும் உண்டு. மருத்துவமனை கொடுக்கும் சீட்டில் ‘கருப்பை உள்ளது’ அல்லது ‘கருப்பை எடுக்கப்பட்டது’ என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம். இளவயதில் கதிர் பெற்று மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஹார்மோன் மாத்திரை தரும்போது அந்த வரி மிகவும் முக்கியம். கருப்பை உள்ளவளுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் பிழைத்திருக்கும் உள்சவ்வு தூண்டப்படும். புரோஜெஸ்டோஜனும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீட்டு வாசலுக்கே சுகாதாரப் பணியாளர்கள் வருகிறார்கள். முன்பு கரண்ட் வைத்த அம்மாக்களைக் கண்டால் அவர்கள் கூடவே இதையும் கேட்கலாம்: ‘அடிவயிறு கனக்குதாம்மா, வலிக்குதா, தண்ணியாட்டமோ உதிரமாவோ ஏதாவது படுதா?’ ஆம் என்றால் முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். கருப்பைக்குள் நீரோ உதிரமோ தேங்கியிருப்பதை அது காட்டிவிடும்.

ஒரு முறை புற்றை வென்ற பெண்ணுக்கு இந்த விவரத்தைச் சொன்னால் பயந்துவிடுவாள் என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து வாரக் கதிரையும் அதன் எரிச்சலையும் தாங்கியவளுக்கு ஒரு பெயரைத் தாங்கத் தெரியாதா? தன் உடலில் எது இருக்கிறது, எது போயிற்று, எந்த நோய் வந்தது, எந்தப் பகுதியில் வந்தது, இனி எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தன் மொழியில் அறிந்துகொள்வது அவளுக்குச் சேர வேண்டிய சிகிச்சையின் ஒரு பகுதி. அதை அவளுக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பது தமிழ் எழுதத் தெரிந்த மருத்துவர், செவிலியர், இதழாளர் அனைவரின் கடமை.